நெய்வேலி நகரியத்தில் ஊடுகதிர்: மார்புப் படத்திலிருந்து சி.டி. ஸ்கேன் வரை

தமிழ்நாட்டின் ஊர்கள் பெரும்பாலும் ஒரு கோயிலையோ துறைமுகத்தையோ சந்தையையோ சுற்றி வளர்ந்தவை. நெய்வேலி நகரியமோ நிலத்துக்கடியில் கண்ணுக்குத் தெரியாமல் கிடந்த ஒரு படிவத்தைப் பற்றிய அறிவிலிருந்து பிறந்தது. 1934ஆம் ஆண்டையொட்டித் தம் நிலத்தில் ஆழ்துளைக் கிணறு இறக்கிய ஜம்புலிங்க முதலியார், நீரோடு கரிய பொருள் மேலே வருவதைக் கண்டு அதை அரசின் கவனத்துக்குக் கொண்டுசென்றார். பின்னர் இந்திய நிலவியல் ஆய்வுத் துறையும், அதனைத் தொடர்ந்து பொறியாளர் எச்.கே. கோஷும் அப்பகுதியில் வரிசையாகத் துளையிட்டு, எத்தனை அடி மேல்மண், அதற்குக் கீழே எத்தனை அடி பழுப்பு நிலக்கரி என்று கணக்கெடுத்தனர். 200 கோடி டன் என்ற மதிப்பீடு அவ்வாறு உருவானது. 1956 நவம்பர் 14 அன்று நெய்வேலி லிக்னைட் கார்ப்பரேஷன் பதிவு செய்யப்பட்டதும், 1957 மே 20 அன்று பிரதமர் நேரு அகழ்வுப் பணியைத் தொடங்கிவைத்ததும், 1961 ஆகஸ்டில் நிலக்கரிப் படிவம் வெளிப்பட்டதும், 1962இல் முதல் அனல்மின் அலகு ஓடத் தொடங்கியதும் அந்தத் துளைக் கணக்கை நம்பி நடந்தவை.

சுரங்கமும் கொதிகலனும் அடுத்தடுத்து அமைந்த இத்தகைய ஊரில், பேச்சு வழக்கில் எக்ஸ்ரே எனப்படும் ஊடுகதிரும் அதன் உறவான காமா கதிரும் மருத்துவமனைக்கு மட்டும் உரியவையாக இருக்கவில்லை. தொழிலாளியின் நுரையீரலைப் பார்க்கவும், கொதிகலன் குழாயின் பற்றவைப்பைப் பார்க்கவும், தலையில் அடிபட்டவரின் மூளையைப் பார்க்கவும் பொருளை ஊடுருவிச் செல்லும் கதிர்வீச்சே தேவைப்பட்டது. இம்மூன்று பயன்பாடுகளின் வரலாற்றையும் சேர்த்துப் படிக்கும்போது இன்றைய சி.டி. ஸ்கேன் பற்றிய ஓர் உண்மை தெளிவாகிறது. கதிர்வீச்சோடு வேலை செய்பவருக்குச் சட்டம் ஆண்டு வரம்பு விதித்திருக்கிறது. நோயாளிக்கு அப்படி ஒரு வரம்பு கிடையாது. அவருக்குள்ள முதற்காவல், இந்தப் படம் இவருக்குத் தேவைதானா என்று மருத்துவர் தம்மையே கேட்டுக்கொள்ளும் கேள்விதான்.

முதலில் நுரையீரல். நெய்வேலியின் நிலக்கரியை மூடியிருப்பது கடலூர் மணற்கல் எனப்படும் கடினமான படிவம். ஜெர்மனியிலிருந்து வந்த சக்கர வாளி அகழ்வு எந்திரங்களின் பற்கள் தொடக்க ஆண்டுகளில் இம்மணற்கல்லில் வெகு விரைவாகத் தேய்ந்துபோனதால், முன்கூட்டியே வெடி வைத்துப் படிவத்தைத் தளர்த்திவிட்டு அகழும் முறை கைக்கொள்ளப்பட்டது. மணற்கல்லில் பெரும்பங்கு சிலிக்கா. அதை உடைக்கும் எந்த வேலையிலும் கண்ணுக்குத் தெரியாத நுண்தூசு எழும். மூக்கிலும் தொண்டையிலும் தங்கிவிடும் பருந்தூசைப் போலன்றி, ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் சில பங்கே அளவுள்ள இந்தத் துகள்கள் மூச்சுச் சிற்றறைகள் வரை சென்று தங்கி, ஆண்டுக்கணக்கில் நுரையீரல் திசுவைத் தழும்பாக்குகின்றன. சிலிக்கோசிஸ் எனப்படும் அந்நோயைப் பின்னுக்குத் திருப்ப மருந்தில்லை. தூசைத் தடுப்பதும், தழும்பு தோன்றத் தொடங்கும்போதே கண்டறிந்து தொழிலாளியை அந்த வேலையிலிருந்து மாற்றுவதுமே வழி.

உலகெங்கும் சுரங்கத் தொழிலாளரின் மார்பை ஊடுகதிர்ப் படமெடுக்கும் வழக்கம் இந்தக் காரணத்தால்தான் சட்டமாயிற்று. 1930இல் தென்னாப்பிரிக்காவின் ஜோகன்னஸ்பர்க்கில் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு கூட்டிய சிலிக்கோசிஸ் மாநாட்டிலிருந்து, தூசு நோய்ப் படங்களை உலகம் முழுவதும் ஒரே அளவுகோலால் வாசிக்கும் முறை வளர்ந்தது. இந்தியாவில் 1952ஆம் ஆண்டுச் சுரங்கச் சட்டத்தின்கீழ் 1955இல் வகுக்கப்பட்ட விதிகளில் 29-பி என்ற விதி, வேலையில் சேரும்போது ஒரு மருத்துவப் பரிசோதனையும் அதன்பின் ஐந்தாண்டுக்கு மேற்படாத இடைவெளியில் மறுபரிசோதனையும் கட்டாயம் என்றது. மார்புப் படம் அப்பரிசோதனையின் மையம். தன்பாத்தைத் தலைமையிடமாகக் கொண்ட சுரங்கப் பாதுகாப்புத் தலைமை இயக்குநரகம் இதைக் கண்காணித்தது. இச்சட்டம் சுரங்கத்தில் வேலை செய்பவர் யார் என்பதை வரையறுத்தபோது நிரந்தரப் பணியாளர், ஒப்பந்தத் தொழிலாளர் என்று பிரிக்கவில்லை என்பது இங்கு அழுத்திச் சொல்லப்பட வேண்டும். தூசு பணிநிலை பார்த்து நுரையீரலுக்குள் செல்வதில்லை. ஆகவே படமும் பணிநிலை பார்த்து எடுக்கப்படக் கூடாது.

அந்தப் படத்தை வாசிக்கும் முறை சற்று விரிவாகப் பார்க்கத் தக்கது. சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு வெளியிட்ட மாதிரிப் படங்களை ஒளிப்பெட்டியில் மாட்டி, அருகில் தொழிலாளியின் படத்தை மாட்டி, இரண்டையும் மாறிமாறிப் பார்த்து மருத்துவர் தரம் பிரிக்கிறார். வட்டமான சிறு புள்ளிகள் ஒன்றரை மில்லிமீட்டர் வரை இருந்தால் பி, மூன்று மில்லிமீட்டர் வரை க்யூ, பத்து மில்லிமீட்டர் வரை ஆர் என்று குறிக்கப்படுகின்றன; புள்ளிகளின் அடர்த்திக்கு 0 முதல் 3 வரை எண் தரப்படுகிறது. ஐந்தாண்டுக்கு முன் எடுத்த படத்தில் 0, இப்போது 1 என்றால் அந்த மாற்றமே செய்தி. ஒரு படம் தனியாகச் சொல்லாததை, அதே மனிதரின் பழைய படம் பக்கத்தில் இருக்கும்போது சொல்லிவிடும். குறைந்த கதிர்வீச்சு, தெளிவான கேள்வி, ஒப்பிட ஒரு பழைய படம் ஆகிய இம்மூன்றையும் இந்த எளிய மார்புப் படம் சேர்த்துத் தந்தது. மில்லிமீட்டர் தடிமனுள்ள வெட்டுகளாக நுரையீரலைக் காட்டும் நுண்பிரிதிறன் சி.டி. இதைவிட நுட்பமானதுதான், ஆனாலும் மார்புப் படத்தில் ஐயம் எழுந்த பிறகே அதற்குப் போவது என்ற வரிசைமுறை, எல்லாருக்கும் எடுத்தவுடன் சி.டி. என்பதைவிட அறிவார்ந்தது.

இரண்டாவது, இரும்பு. உயர் அழுத்த நீராவியைத் தாங்கும் கொதிகலன் குழாய்களின் பற்றவைப்பில் மயிரிழை வெடிப்பு இருந்தாலும் உயிர்ச்சேதம் நேரும் என்பதால், 1950ஆம் ஆண்டு இந்தியக் கொதிகலன் விதிகள் அத்தகைய இணைப்புகளைக் கதிர்ப்படம் எடுத்துச் சோதிக்க வகைசெய்தன. இதற்குப் பெரும்பாலும் பயன்படுவது இரிடியம்-192 என்ற கதிரியக்கப் பொருள். 74 நாளில் அதன் வீரியம் பாதியாகும். தொழிலில் உள்ளவர்கள் கேமரா என்றே அழைக்கும் கனத்த காப்புப் பெட்டியிலிருந்து நீண்ட கம்பிவடத்தின் உதவியால் அப்பொருள் குழாயருகே தள்ளப்படும். மறுபுறம் பிலிம் ஒட்டப்பட்டிருக்கும். சுற்றிலும் கயிறு கட்டி, எச்சரிக்கைப் பலகை வைத்து, ஆட்களை அப்புறப்படுத்திய பிறகே இவ்வேலை நடக்கும். இதைச் செய்பவரின் மார்பில் டி.எல்.டி. பட்டை குத்தப்பட்டிருக்கும். அவர் வாங்கிய கதிர்வீச்சைத் தன்னுள் பதிந்துகொள்ளும் அச்சிறு பட்டை மூன்று மாதத்துக்கு ஒருமுறை அளவிட அனுப்பப்படுகிறது. உடல் வாங்கும் கதிர்வீச்சின் தீங்கை அளக்கும் அலகு மில்லிசீவர்ட். கதிர்வீச்சுப் பணியாளர் ஐந்தாண்டுச் சராசரியாக ஆண்டுக்கு 20 மில்லிசீவர்ட்டுக்கு மேலும், எந்தத் தனி ஆண்டிலும் 30 மில்லிசீவர்ட்டுக்கு மேலும் பெறலாகாது. பொதுமக்களுக்கு அது ஆண்டுக்கு 1. 1983 நவம்பர் 15 அன்று அமைக்கப்பட்ட அணுசக்தி ஒழுங்குமுறை வாரியமே இரிடியம் கேமராவுக்கும் மருத்துவமனையின் சி.டி. எந்திரத்துக்கும் உரிமம் தருகிறது. 2004ஆம் ஆண்டுக் கதிர்வீச்சுப் பாதுகாப்பு விதிகள் சாதாரண ஊடுகதிர் எந்திரத்துக்குப் பதிவு போதும் என்றும், சி.டி.க்கு உரிமமே வேண்டும் என்றும் பிரித்துவைத்ததிலிருந்து, சி.டி. எத்தகைய கருவி என்பதைச் சட்டம் எவ்வாறு மதிப்பிட்டது என்பது விளங்கும்.

மூன்றாவது, தலை. நெய்வேலியில் மண் தோண்டத் தொடங்கிய 1957இல், தலையில் அடிபட்டு நினைவிழந்த ஒருவரின் மூளைக்குள் குருதி கட்டியிருக்கிறதா என்று நேரே பார்க்க உலகில் எங்குமே வழியில்லை. சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் 1900இலேயே ஊடுகதிர்க் கருவி இருந்தது. கேப்டன் பர்னார்டின் பெயரைத் தாங்கிய கதிரியல் நிறுவனம் 1934 மார்ச்சில் அங்குத் திறக்கப்பட்டிருந்தது. வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் 1949இல் ஜேக்கப் சாண்டியும், அடுத்த ஆண்டில் சென்னையில் பி. ராமமூர்த்தியும் நரம்பு அறுவை மருத்துவத்தைத் தொடங்கியிருந்தனர். எனினும் ஊடுகதிர் மண்டையோட்டின் எலும்பைக் காட்டியதே தவிர, உள்ளிருக்கும் மூளையைக் காட்டவில்லை. 1910களின் இறுதியில் வால்டர் டேண்டி வகுத்தபடி மூளையின் நீர்க்குழிகளுக்குள் காற்றைச் செலுத்தியோ, 1927இல் எகஸ் மோனிஸ் வகுத்தபடி கழுத்துத் தமனிக்குள் சாயத்தைச் செலுத்தியோ படமெடுத்து, குழிகளும் குழாய்களும் எந்தப் பக்கம் ஒதுங்கியிருக்கின்றன என்பதைக் கொண்டு கட்டியின் இடத்தை ஊகிக்க வேண்டியிருந்தது. அதற்கும் நேரமில்லாதபோது அறுவை மருத்துவர் ஐயத்தின் பேரில் மண்டையோட்டில் துளையிட்டே பார்த்தார். நோயாளிக்கு இவை தந்த வேதனையையும் ஆபத்தையும் மறந்துவிட்டுச் சி.டி. ஸ்கேனைக் குறைசொல்வது நேர்மையாகாது.

இந்நிலையை மாற்றியவர் இங்கிலாந்தில் ஈ.எம்.ஐ. நிறுவனத்தின் பொறியாளர் காட்ஃப்ரே ஹவுன்ஸ்ஃபீல்டு. கேப்டவுனில் பணியாற்றிய இயற்பியலாளர் ஆலன் கார்மாக் இதற்கான கணிதத்தை அவருக்கு முன்பே, தனியாக வகுத்திருந்தார்; இருவருக்கும் 1979ஆம் ஆண்டு மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது. ஹவுன்ஸ்ஃபீல்டின் எண்ணம் எளிமையானது. முழுப் பலாப்பழத்தை ஊடுகதிர்ப் படமெடுத்தால் தோலும் சுளையும் கொட்டையும் ஒன்றன்மேல் ஒன்றாக நிழல் விழுந்து குழம்பும். குறுக்கே அறுத்துப் பார்த்தாலோ ஒவ்வொன்றும் தன் இடத்தில் தெரியும். அறுக்காமலே அந்தக் குறுக்குவெட்டைப் பெற, மெல்லிய கதிர்க்கற்றையைப் பல கோணங்களிலிருந்து செலுத்தி, ஒவ்வொரு கோணத்திலும் எவ்வளவு கதிர் வெளியேறுகிறது என்று அளந்து, அந்த அளவுகளிலிருந்து உள்ளே எங்கே எவ்வளவு அடர்த்தி இருக்க வேண்டும் என்று கணினியால் பின்னோக்கிக் கணக்கிட வேண்டும். சோதனைக்கூடத்தில் அமெரிசியத்தின் காமா கதிரைக் கொண்டு செய்த முதல் முயற்சியில் அளவெடுக்கவே ஒன்பது நாள் பிடித்தது. 1971 அக்டோபர் 1 அன்று லண்டனின் விம்பிள்டன் பகுதியிலுள்ள அட்கின்சன் மோர்லி மருத்துவமனையில் மூளைக்கட்டி ஐயப்பட்ட ஒரு பெண்ணுக்கு முதல் ஸ்கேன் எடுக்கப்பட்டபோது, ஒரு டிகிரிக்கு 160 அளவுகளாக 180 டிகிரியில் 28,800 அளவுகள் பதிவாயின. கிடைத்த படம் 80க்கு 80 கட்டங்களே கொண்டது. ஒவ்வொரு கட்டத்திலும் உள்ள அடர்த்தி இன்றும் அவர் பெயராலேயே ஹவுன்ஸ்ஃபீல்டு எண்ணாகக் குறிக்கப்படுகிறது: நீர் 0, காற்று -1000, கெட்டி எலும்பு +1000ஐ ஒட்டியும் அதற்கு மேலும். புதிதாகக் கசிந்து கட்டிய குருதி மூளைத் திசுவைவிடச் சற்றே கூடுதல் எண் பெறுவதால் படத்தில் வெண்மையாகத் தெரிகிறது. துளையிட்டுப் பார்க்க வேண்டியிருந்தது ஒருசில நிமிடக் காட்சியாயிற்று.

நெய்வேலியைப் போன்ற ஊர்களுக்கு இந்தக் கருவி சென்னை, புதுச்சேரி, வேலூர் வழியாகவே அறிமுகமாயிற்று. சுரங்க நிறுவனத்தின் பொது மருத்துவமனையை நம்பி வாழும் நகரியத்தில், கடுமையான நோயாளியைப் பெரிய மருத்துவமனைக்கு அனுப்பும் ரெஃபரல் வழக்கம் வாழ்க்கையின் ஒரு பகுதி. 2020 மே 7 அன்றும் ஜூலை 1 அன்றும் இரண்டாம் அனல்மின் நிலையக் கொதிகலன் விபத்துகளில் படுகாயமடைந்தோர் முறையே திருச்சிக்கும் சென்னைக்கும் கொண்டுசெல்லப்பட்டது அதன் துயரமான அண்மை உதாரணம். மாநில அளவில், 1994இல் மருந்துக் கொள்முதலுக்காக அமைக்கப்பட்ட தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் பின்னர் அரசு மருத்துவமனைகளில் ஸ்கேன் மையங்களையும் ஏற்று நடத்தி, சாதாரண சி.டி.க்கு 500 ரூபாய் என்ற அளவில் கட்டணம் வைத்தது. 2021 டிசம்பரில் தொடங்கிய இன்னுயிர் காப்போம் திட்டம், சாலை விபத்தில் சிக்கியவருக்கு முதல் 48 மணிநேரச் சிகிச்சையை இலவசமாக்கியது. பண்ருட்டி, வடலூர் வழியாகச் செல்லும் நெடுஞ்சாலையில் இருசக்கர வண்டியிலிருந்து விழுந்து மயங்கியவருக்கு இன்று சி.டி. தாமதமானால் அதுவே பொறுப்பின்மை.

எளிதில் கிடைக்கும்போதுதான் மற்றொரு வகைப் பொறுப்பின்மைக்கும் இடமுண்டாகிறது. சி.டி. அறிக்கையோடு சேமிக்கப்படும் அளவுப் பக்கத்தில் இரண்டு எண்கள் இருக்கும்: ஒரு வெட்டுக்குச் செலுத்திய கதிரின் அளவு ஒன்று, அதைப் படமெடுத்த நீளத்தால் பெருக்கிய மொத்த அளவு மற்றொன்று. மார்பு சி.டி.யில் இரண்டாம் எண் 500 என்றிருந்தால், மார்புக்குரிய 0.014ஆல் பெருக்கினால் 7 மில்லிசீவர்ட் வரும், தலை சி.டி.யில் அது 1000 என்றாலும் தலைக்குரிய எண் 0.0021 ஆதலால் 2 மில்லிசீவர்ட்தான். இயற்கையிலிருந்து உலக மக்கள் சராசரியாக ஆண்டுக்குப் பெறுவது 2.4. வயிற்றுப் படத்தைச் சாயமின்றி ஒருமுறை, சாயத்தோடு இருமுறை எடுத்தால், ஒரே நாளில் கதிர்வீச்சுப் பணியாளரின் ஆண்டு வரம்பை எட்டிவிடலாம். அவர் மார்பில் பட்டை இருக்கிறது, நோயாளியிடம் இல்லை.

இதனால் அச்சப்படத் தேவையில்லை, அளவறிதல் தேவை. அமெரிக்கத் தேசிய அறிவியல் கழகத்தின் குழு 2006இல் வெளியிட்ட மதிப்பீட்டின்படி, 100 மில்லிசீவர்ட் பெற்ற நூறு பேரில் ஏறத்தாழ ஒருவருக்கு அதன் காரணமாகப் பிற்காலத்தில் புற்றுநோய் வரலாம். பிற காரணங்களால் அந்நூறு பேரில் 42 பேருக்கு எப்படியும் வரும். ஒரு ஸ்கேனின் ஆபத்து அதனினும் மிகச் சிறியது. ஆனால் வளரும் உடலில் அது பெருகும். 1.7 லட்சத்துக்கும் மேற்பட்ட இளையோரை ஆராய்ந்து 2012இல் லான்செட் இதழில் வெளிவந்த பிரிட்டிஷ் ஆய்வு, பத்து வயதுக்குட்பட்ட பத்தாயிரம் குழந்தைகளுக்குத் தலை சி.டி. எடுத்தால் அடுத்த பத்தாண்டில் கூடுதலாக ஒரு குருதிப் புற்றும் ஒரு மூளைக்கட்டியும் தோன்றலாம் என்றது. கட்டிலிலிருந்து விழுந்து, அழுது, பிறகு வழக்கம்போல் விளையாடும் குழந்தையை நான்கைந்து மணிநேரம் மருத்துவமனையில் வைத்துக் கவனிப்பது ஏன் சிறந்த மருத்துவம் என்பது இதிலிருந்து புரியும். 42,000 குழந்தைகளைக் கொண்டு 2009இல் வகுக்கப்பட்ட அமெரிக்க விதிமுறை, நினைவு மாற்றம், மண்டையோட்டு முறிவின் அறிகுறி போன்றவை இல்லாதபோது ஸ்கேனைத் தவிர்க்கலாம் என்று காட்டியது. பெற்றோரின் பதற்றம் நியாயமானதே. அதைத் தணிக்க வேண்டியது மருத்துவரின் விளக்கம், கதிர்வீச்சு அன்று.

தமிழகம் முழுவதையும் போலவே நெய்வேலியையும் உலுக்கிய 2021ஆம் ஆண்டுக் கொரோனா இரண்டாம் அலை இந்தப் பாடத்தைக் கசப்பாகக் கற்பித்தது. நுரையீரலின் ஐந்து மடல்களுக்கும் ஐந்தைந்து மதிப்பெண் வைத்து, 25க்கு எத்தனை என்று சொல்லும் சி.டி. கணக்கு வீடுதோறும் பேச்சானது; மூச்சுத் திணறலே இல்லாதவர்களும் எண்ணைத் தெரிந்துகொள்ள ஸ்கேன் மையங்களில் வரிசையில் நின்றனர். மே 3 அன்று டெல்லி எய்ம்ஸ் இயக்குநர் ரண்தீப் குலேரியா, ஒரு சி.டி. 300 முதல் 400 மார்பு எக்ஸ்ரேக்களுக்குச் சமம் என்றும், லேசான நோய்க்கு அது வேண்டாம் என்றும் எச்சரித்தார். இந்தியக் கதிரியல் மருத்துவர் சங்கமோ அது பழைய எந்திரங்களின் கணக்கு, இன்றைய குறைந்த அளவு முறையில் கதிர்வீச்சு மிகக் குறைவு என்று மறுத்தது. எண்ணைப் பற்றிய இச்சச்சரவில் இரு தரப்புக்கும் ஓரளவு நியாயம் இருந்தது. ஆனால் அடிப்படையில் குலேரியா கூறியதே சரி. விரலில் மாட்டும் ஆக்சிமீட்டர் 98 காட்டும்போது, சிகிச்சையை எவ்வகையிலும் மாற்றாத ஒரு படம் குறைந்த கதிர்வீச்சில் எடுக்கப்பட்டாலும் வீண் படமே.

நெய்வேலியின் சுரங்க மருத்துவர்கள் மார்புப் படத்தில் கடைப்பிடித்த ஒழுங்கைச் சி.டி.க்கும் கொண்டுவருவதில் தொழில்நுட்பத் தடை எதுவும் இல்லை. ரெஃபரலில் சென்னைக்கோ புதுச்சேரிக்கோ செல்லும் நோயாளியின் பழைய ஸ்கேன் கையில் இல்லாத ஒரே காரணத்தால் அதே உறுப்பு மறுபடி படமெடுக்கப்படுவது, எந்த மருத்துவமும் சேராத வெறும் கதிர்வீச்சு. ஆகவே நகரியத்தில் வாழ்வோரும் ஓய்வுபெற்று ஊர் திரும்பியோரும், அறிக்கைத் தாளை மட்டுமன்றிப் படங்கள் அடங்கிய குறுந்தகட்டையும் பிலிமையும் வீட்டு ஆவணங்களோடு பத்திரப்படுத்தி, எந்த மருத்துவமனைக்குச் சென்றாலும் உடன் எடுத்துச்செல்ல வேண்டும். கருவுற்றிருக்கும் வாய்ப்பிருந்தால் படமெடுக்கும் முன்பே சொல்ல வேண்டும். சாய ஊசி என்றால் சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியேட்டினின் அளவைக் காட்ட வேண்டும். ஸ்கேன் எழுதித் தரும் மருத்துவரோ, கோரிக்கைச் சீட்டில் தலை சி.டி. என்று மட்டும் எழுதாமல், எந்த ஐயத்தைத் தீர்க்க இந்தப் படம், முன்பு எப்போது எடுத்தார் என்ற இரண்டையும் ஒரு வரியில் எழுதினால், கதிரியல் மருத்துவர் வேண்டிய பகுதியை மட்டும், வேண்டிய அளவில் எடுப்பார். சில நேரங்களில் அல்ட்ராசவுண்டோ எம்.ஆர்.ஐ.யோ போதும் என்று சீட்டைத் திருப்பியும் அனுப்புவார்.